பாட்டன் பெயர் எந்தச் செக்ரோலில்?

ரத்தோட்டைப் பக்கமோ எல்கடுவப் பக்கமோ ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்து, "உங்க பூட்டன் என்ன வேல பாத்தாரு?" என்று கேட்டால், "தோட்ட வேலதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தாலும் தந்தையின் தொழில் 'தொழிலாளி' என்றுதான் இருக்கும். கான் வெட்டியவர், கவ்வாத்து வெட்டியவர், துரை பங்களாவில் சமைத்தவர், தபால் பை சுமந்தவர், ஸ்டோரில் இலை வாட்டியவர், பெரட்டுக்குத் தப்படித்தவர் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போனார்கள்.

மாத்தளை அவர்களுக்கு வாசல்படி. இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தவர்கள் மலையை முதலில் தொட்டது இங்கேதான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மாத்தளைக்கு ரயில் வந்ததே 1880இல்தான்.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, கூலியோடு திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்குத் திரும்பியவர்கள். அவர்களுடைய வீட்டை மாத்தளையில் தேடிப் பயனில்லை. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அடுத்து வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். அப்போதுதான் குடும்பம் தங்கியது, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக எழுந்தன. மாத்தளையில் தேயிலையோடு கொக்கோவும் இறப்பரும் சேர்ந்துகொண்டதால், பாட்டன் கோப்பி பறித்திருப்பார், மகன் கொக்கோ நட்டிருப்பார், பேரன் பால் வெட்டியிருப்பார். ஒரே குடும்பம்தான், ஒரே மலையாகவும் இருக்கலாம்.

ஆளை அடையாளம் காட்டியது ஊரல்ல, கங்காணி. எந்தக் கங்காணியின் ஆள், அவருக்கு எவ்வளவு கடன் என்பதைச் சொல்லும் காகிதமே 'துண்டு'. அது கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் போட முடியாது. 1921இல் அந்த முறை ஒழிந்தது. கடனைச் சொன்ன அந்தத் துண்டு இன்று எந்த வீட்டிலாவது மிஞ்சியிருந்தால் பேரப்பிள்ளைகளுக்கு அது பொக்கிஷம்.

வம்சாவளியைத் தேடுவது ஏதோ இந்தக் காலத்து ஆசை என்று நினைக்க வேண்டாம். இந்த மக்களிடம் அதை முதலில் கேட்டது அரசாங்கம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயத்தில் பூட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பித்தார்கள். சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே கிடைத்தது. தாத்தாவைத் தேடும் வேலையை இவ்வளவு கொடூரமான பரீட்சையாக்கிய சட்டங்கள் அதிகம் இருக்க முடியாது.

1964இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோது மாத்தளை, கண்டிப் பகுதிகளில் பலர் வேலையையும் காம்பராவையும் சேர்த்து இழந்து, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். ஒரே லயத்துப் பிள்ளைகள் இன்று கோத்தகிரியில், கூடலூரில், வன்னியில். மாத்தளையில் இருந்தவர்களுக்கும் நிம்மதியில்லை. 1983 கலவரத்தில் முத்துமாரியம்மன் கோவிலும் தேர்களும் எரிந்தன.

2003ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டனைக் கேட்கவில்லை. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே இருந்தவரும் அவர் சந்ததியும் பிரஜைகள் என்றது. யாரும் கேட்காத இந்தக் காலத்தில்தான் பேரப்பிள்ளைகள் தாமாகத் தேடக் கிளம்பியிருக்கிறார்கள். 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், முன்னோர் வந்த தடத்தில் சுமார் 250 கிலோமீட்டர் நடந்து ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. இம்முறை வழியெங்கும் வரவேற்க ஆளிருந்தது.

காகிதத்தில் துரைமாரைத் தேடுவது சுலபம். கல்லறை எழுத்துகளைத் தொகுத்து ஜே. பென்றி லூயிஸ் 1913இலேயே ஒரு நூல் போட்டுவிட்டார். பெர்குசன் டிரெக்டரியில் தோட்டத்தின் பெயரும் ஏக்கரும் பயிரும் துரையின் பெயரும் கிடைக்கும். கொழுந்து பறித்தவள் பெயர் அதில் வராது. அது தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில்தான் இருந்தது. தோட்டம் கைமாறக் கைமாற அந்தப் புத்தகங்களும் கரையானுக்கும் அடுப்புக்கும் போயின. எஞ்சிய செக்ரோல்களையாவது கம்பெனிகள் சுவடிக்கூடத்துக்குக் கொடுக்கலாம். கம்பளைக்கு அப்பால் பழைய பீக்கொக் தோட்டத்து லயத்தில் 2007இல் தொடங்கிய தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. மாத்தளைக்கும் அப்படியொன்று வேண்டும்.

அதுவரை, தாயகம் திரும்பியவர்களின் குடும்ப அட்டையும் கடவுச்சீட்டும் உதவும். கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டால், பெட்டியில் கிடக்கும் அட்டையைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தகப்பன் வழியை மட்டுமே கேட்டதால் வீடுகளில் பத்திரப்படுத்திய காகிதங்களும் அந்த வழியிலேயே நிற்கின்றன. அம்மாயி எந்தத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார், எந்த மலையில் கொழுந்தெடுத்தார், பிள்ளைக்காம்பராவில் யாரிடம் குழந்தையை விட்டுப் போனார் என்று எந்த அலுவலகமும் கேட்டதில்லை. தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய பெரியம்மாக்கள் ரத்தோட்டையில் இன்னும் இருக்கிறார்கள்.