மாநில அந்தஸ்து: நெட்டப்பாக்கத்துல இருந்து கேட்டா எப்படி இருக்கும்?

எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.

யுனிவர்சிட்டில ஒரு பொதுப் பேச்சு, தலைப்பு "புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து". அனைவரும் வருகன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு, நீங்களும் போய் உக்காந்துட்டீங்கன்னு வெச்சுக்கோங்க. கூட்டாட்சி, அதிகாரப் பகிர்வு, அரசியல் சாசனப் பிரிவு 239ஏ-ன்னு ஆரம்பிச்சதும் பாதி பேர் கை தானா போனுக்குப் போயிடும். ஆனா இந்தப் பெரிய வார்த்தைகளுக்கு அடியில இருக்கிறது ஒரே கேள்விதான். நம்ம ஊரைப் பத்தின முடிவை எடுக்கிறது யாரு?

இந்தக் கேள்வியைப் புரிஞ்சுக்க, காலாப்பட்டு யுனிவர்சிட்டி ஹால்ல இருந்து கிளம்பி நெட்டப்பாக்கத்துக்குப் போவோம். பாண்டி டவுனுக்குத் தென்மேற்கே இருக்கிற ஒரு கொம்யூன் பஞ்சாயத்து அது. பாண்டி வர்ற பல பேருக்குப் பேரே தெரியாது. ஆனா இந்தக் கதை ஆரம்பிக்கிற இடங்கள்ல அதுவும் ஒண்ணு.

1954: ஒரு கொடி, 178 பேர்

புதுச்சேரி மாவட்டம் ஒரே துண்டு நிலம் கிடையாது. தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவுல சிதறிக் கிடக்கிற பல துண்டுகள். 1947-ல் பிரிட்டிஷ்காரங்க போனாங்க; ஆனா புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நாலும் பிரெஞ்சுக்காரங்க கையிலயே இருந்துச்சு. அதனால நெட்டப்பாக்கம் மாதிரி ஊர்ல, கொஞ்ச தூரம் நடந்தா சுதந்திர இந்தியா, திரும்பி வந்தா பிரெஞ்சு ஆட்சி.

எதுவார் குபேர்னு ஒரு தலைவர். பாண்டி பீச் ரோட்டுக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் இவர் பேர்தான். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சித் தலைவரா இருந்து, பிரெஞ்சு நாடாளுமன்றம் வரைக்கும் போனவர். பிரெஞ்சு ஆட்சிக்கு ஆதரவா இருந்த இவர், 1954 மார்ச்ல அணி மாறினார். மார்ச் 31-ம் தேதி நெட்டப்பாக்கத்துல இந்தியக் கொடி ஏறிச்சு. அங்கேயே ஒரு தற்காலிக அரசும் அறிவிச்சாங்க. டவுன்ல பிரெஞ்சு அதிகாரம் பலமா இருந்தப்போ, இந்திய எல்லையை ஒட்டின கிராமங்கள்ல அந்தப் பிடி தளர்ந்துடுச்சு.

அதே வருஷம் அக்டோபர் 18-ம் தேதி, வில்லியனூர் கொம்யூன்ல இருக்கிற கீழூர்ல ஒரு வாக்கெடுப்பு. வந்தவங்க 178 பேர். இந்தியாவோட சேரணும்னு 170 பேர், வேணாம்னு 8 பேர். நவம்பர் 1-ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துச்சு. சட்டப்படி முழுசா கைமாறினது 1962 ஆகஸ்ட் 16.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. கீழூர்ல ஓட்டு போட்டது பொதுமக்கள் இல்ல. பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி கவுன்சிலர்களும்தான். அதுக்கப்புறம் 1956-ல இந்தியாவும் பிரான்சும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதோட இரண்டாவது ஷரத்து, இந்தப் பகுதிகளோட அரசியல் நிலையை மாத்துறதா இருந்தா மக்களோட விருப்பத்தை அறிஞ்சுதான் மாத்தணும்னு சொல்லுது. இன்னிக்கு மேடைகள்ல நடக்கிற வாதத்துக்கு வேர் இங்கதான் இருக்கு.

சட்டசபை இருக்கு, அப்புறம் என்ன பிரச்சினை?

1963-ல யூனியன் பிரதேச அரசுகள் சட்டம் வந்துச்சு. அதன்படி புதுச்சேரிக்கு சட்டசபை, முதலமைச்சர், அமைச்சரவை எல்லாம் உண்டு. கூடவே துணைநிலை ஆளுநரும் உண்டு. அமைச்சரவைக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு வந்தா, விஷயம் ஜனாதிபதிக்குப் போகும். நடைமுறைல அதுக்கு அர்த்தம், மத்திய அரசு முடிவு பண்ணும்.

இது சாதாரணக் குடும்பத்தை எப்படித் தொடுதுன்னா, ரேஷன் அரிசியைப் பாருங்க. முந்தைய ஆட்சில அமைச்சரவை இலவச அரிசியை அரிசியாவே குடுக்கணும்னு சொல்லிச்சு. அப்போ இருந்த துணைநிலை ஆளுநர், வங்கிக் கணக்குல பணமாப் போடணும்னு சொன்னார். மத்திய அரசு ஆளுநர் பக்கம் நின்னுச்சு. அரிசி நின்னு பணம் வந்தது. ரேஷன் கடைகள் வருஷக்கணக்கா மூடிக் கிடந்து, 2024-லதான் திரும்பத் திறந்தாங்க. அரிசியா பணமாங்கிறதுல உங்களுக்கு எந்தக் கருத்து வேணும்னாலும் இருக்கலாம். இங்க பாக்க வேண்டியது, கடைசி வார்த்தை யாருடையதா இருந்துச்சுங்கிறதைத்தான்.

அடுத்து, ஒரு சின்னக் கணக்கு. சட்டசபைல மக்கள் தேர்ந்தெடுக்கிறவங்க 30 பேர். அதுக்கு மேல மூணு பேர் வரைக்கும் மத்திய அரசு நியமிக்கலாம். மாநில அரசைக் கேக்காமலே நியமிக்கலாம், அவங்களுக்கு ஓட்டுரிமையும் உண்டுன்னு 2018 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2021 பிப்ரவரில நாராயணசாமி அரசு நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்திச்சப்போ, எம்எல்ஏக்கள் வரிசையா ராஜினாமா பண்ணி, சபைல மிச்சம் 26 பேர். ஆளும் தரப்புல சபாநாயகரையும் சேர்த்து 12. எதிர்த் தரப்புல 14. அந்த 14-ல 11 பேர் மக்கள் தேர்ந்தெடுத்தவங்க, 3 பேர் நியமனம். ராஜினாமாக்கள்தான் அரசைத் தள்ளாட வெச்சது, அது உண்மை. ஆனா பெரும்பான்மை எந்தப் பக்கம்னு காட்டினது அந்த மூணு பேர்.

பணம் எங்கிருந்து வருது?

மத்திய அரசு வசூலிக்கிற வரில ஒரு பங்கை மாநிலங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணும். எவ்வளவுன்னு நிதி ஆணையம் பரிந்துரைக்கும். 15-வது நிதி ஆணையம் சொன்னது 41 சதவீதம். அந்தப் பங்கு மாநிலங்களோட உரிமை. புதுச்சேரி மாநிலம் இல்லைங்கிறதால அந்தக் கணக்குல வராது. மத்திய உள்துறை அமைச்சகம் வழியா மானியம் வரும். சம்பளத்தோட பங்கு கேக்கிறதுக்கும், வீட்ல கைச்செலவுக்கு வாங்குறதுக்கும் இருக்கிற வித்தியாசம் மாதிரி. தொகை கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். ஆனா உரிமைன்னு கேக்க முடியாது.

எதிர்வாதமும் இருக்கு, அதையும் நேர்மையாப் பாத்துடணும். ஊர் சின்னது, நாலு துண்டா மூணு மாநிலங்களுக்கு நடுவுல கிடக்குது. மாநிலம் ஆனா மானியம் போயிடலாம். மக்கள்தொகைக்கும் வெயிட்டேஜ் இருக்கிறதால, நிதி ஆணையப் பங்கும் சின்னதாத்தான் கிடைக்கும்னு சொல்றாங்க. பதிலுக்கு மத்தவங்க கோவாவைக் காட்டுவாங்க. அதுவும் யூனியன் பிரதேசமா இருந்து 1987-ல மாநிலம் ஆச்சு. 2011 கணக்கெடுப்புல புதுச்சேரி மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம். மாநிலமா இருக்கிற சிக்கிம் சுமார் 6.1 லட்சம்தான். அளவு மட்டுமே காரணம்னு சொல்றது கஷ்டம். நிதிக் கணக்கு மட்டும் நிஜமாவே யோசிக்க வேண்டியது.

யாரும் உக்காராத நாற்காலி

இப்போ நெட்டப்பாக்கத்துக்குத் திரும்புவோம். அங்க இருக்கிறவங்களுக்கு டெல்லிக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. தெரு விளக்கு எரியல, குப்பை அள்ளல, வாய்க்கால் அடைச்சுக்கிச்சு. யாரைப் போய்க் கேக்கிறது?

புதுச்சேரில மொத்தம் 10 கொம்யூன் பஞ்சாயத்து, 5 நகராட்சி, 98 கிராமப் பஞ்சாயத்து இருக்கு. இங்க உள்ளாட்சித் தேர்தல் 1968-ல நடந்துச்சு. அடுத்தது 2006-ல, 38 வருஷம் கழிச்சு. அந்தப் பதவிக்காலம் 2011-ல முடிஞ்சுது. அதுக்கப்புறம் நடக்கவே இல்ல. 2021-ல தேதி வரைக்கும் அறிவிச்சாங்க, இடஒதுக்கீடு தொடர்பான வழக்குகள்ல நின்னுபோச்சு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் நடத்தியே ஆகணும்னு அரசியல் சாசனம் சொல்லுது. அந்த விதி யூனியன் பிரதேசங்களுக்கும்தான். ஆனா கொம்யூனை நடத்துறது அரசு நியமிக்கிற ஆணையர்.

அதாவது 2006 தேர்தலுக்கு அப்புறம் 18 வயசான ஒருத்தர், புதுச்சேரிலயே இருந்திருந்தா, தன்னோட ஊர் பஞ்சாயத்துக்கு ஓட்டு போட்ட அனுபவமே இல்லாம வளந்திருக்கார். எம்எல்ஏவுக்குப் போட்டிருக்கார், எம்பிக்குப் போட்டிருக்கார். தெருமுனைல இருக்கிற வார்டு உறுப்பினருக்கு இல்ல.

இதை "முதல்ல உங்க வீட்டைச் சரி பண்ணுங்க, அப்புறம் மாநிலம் கேளுங்க"ன்னு எடுத்துக்க வேணாம். ரெண்டும் ஒரே கேள்வியோட ரெண்டு படி. நியமிச்சவங்க முடிவு எடுக்கக் கூடாது, தேர்ந்தெடுத்தவங்கதான் எடுக்கணும்னு டெல்லிகிட்ட சொல்ற அதே வாதம், சட்டசபைல இருந்து கொம்யூனுக்கு இறங்கும்போதும் செல்லணும். மாநில அந்தஸ்து கேட்டு சட்டசபை பலமுறை தீர்மானம் போட்டிருக்கு. ஆனா உள்ளாட்சித் தேர்தல் விஷயத்துல, ஆட்சிகள் மாறியும் நிலைமை மாறல.

அடுத்த பேச்சுக்குப் போகும்போது

பொதுப் பேச்சுல உருப்படியான பகுதி, பல சமயம் கடைசிப் பத்து நிமிஷம் கேள்வி நேரம்தான். மைக் உங்க பக்கம் வந்தா இந்த மூணையும் கேளுங்க.

ஒண்ணு, மாநிலம் ஆனா இப்போ வர்ற மானியத்துக்குப் பதிலா என்ன வரும், கணக்கு போட்டுப் பாத்தீங்களா?

ரெண்டு, மக்களோட விருப்பத்தை அறியணும்னு 1956 ஒப்பந்தம் சொல்லுதே, இந்தத் தடவை அதை எப்படி அறிவீங்க? சட்டசபைத் தீர்மானம் போதுமா, இல்ல மக்கள்கிட்டயே நேரடியா ஓட்டு கேக்கணுமா?

மூணு, டெல்லில இருந்து வர்ற அதிகாரம் பாண்டியோட நின்னுடுமா, நெட்டப்பாக்கம் வரைக்கும் வருமா?

மூணாவது கேள்விக்கு ஹால்ல யாராவது சிரிச்சாலும் கூச்சப்படாதீங்க. 1954-ல கொடி ஏறின ஊர் அது. அதைக் கேக்க அந்த ஊருக்கு எல்லா உரிமையும் இருக்கு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.