கப்பல்கள் குறைந்த சில நாட்கள்

2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்து அமெரிக்க வானில் விமானங்கள் நின்றுபோயின. கடலிலும் கப்பல்கள் குறைந்தன. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அப்போது ரைட் திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தார் ஆய்வாளர் சூசன் பார்க்ஸ். பாஸ்டனின் நியூ இங்கிலாந்து அக்வேரியத்தைச் சேர்ந்த ரோசலிண்ட் ரோலண்டின் குழு அதே விரிகுடாவில் திமிங்கிலங்களின் மலத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தது.

பல டன் எடையுள்ள விலங்கைப் பிடித்து வைத்து ரத்தம் எடுக்க முடியாது. ஆனால் மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன்களின் எச்சம் மலத்தில் இருக்கும். மலம் சற்று நேரம் நீரில் மிதந்துவிட்டு மூழ்கிவிடும். அதற்குள் கண்டுபிடிக்க, பின்னாளில் மோப்ப நாய்களைப் படகின் முனையில் நிறுத்திப் போனார்கள். அறிவியலின் அழகே இத்தகைய அழுக்கான வேலைகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒலிப்பதிவுகளையும் மல மாதிரிகளின் முடிவுகளையும் பல ஆண்டுகள் கழித்து ஒன்றாக வைத்துப் பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது. அந்த நாட்களில் நீருக்கடி இரைச்சல் 6 டெசிபல் குறைந்திருந்தது. அதாவது ஒலியழுத்தம் ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. திமிங்கிலங்களின் அழுத்த ஹார்மோனும் இறங்கியிருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளின் அதே பருவத்தில் அப்படி இறங்கவில்லை. 2012-ல் ஆய்வு வெளியானது. திட்டமிட்டு ஒருபோதும் நடத்த முடியாத சோதனை அது.

இரைச்சல் ஏன் இவ்வளவு வாட்டுகிறது? நீருக்குள் வெளிச்சம் சீக்கிரமே மங்கிவிடும். ஒலியோ நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகும். தாழ்ந்த ஒலிகள் நெடுந்தூரம் செல்லும். ரைட் திமிங்கிலம் தன் இனத்தைக் கூப்பிடுவது, கீழிருந்து மேலேறும் அத்தகைய தாழ்குரலில்தான். கப்பலின் சுழலி தண்ணீரை வெட்டும்போது உண்டாகும் குமிழ்கள் உடைந்து எழுப்பும் இரைச்சலும் அதே அலைவரிசையில் வந்து விழுகிறது. சந்தைக்குள் நின்று பேசுகிறவரைப் போலத் திமிங்கிலங்களும் குரலை உயர்த்தியிருக்கின்றன. சில பத்தாண்டுகளில் அழைப்பின் சுருதி ஏறியிருப்பதைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு பார்க்ஸ் காட்டினார்.

இன்று வட அட்லாண்டிக்கில் எஞ்சியிருக்கும் ரைட் திமிங்கிலங்கள் 400-க்கும் குறைவு. கப்பல் மோதியும் மீன்பிடிக் கயிறுகளில் சிக்கியும் சாகின்றன. அமெரிக்கக் கிழக்குக் கரையில் குறிப்பிட்ட பருவங்களில், குறிப்பிட்ட பகுதிகளில், 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் 10 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2008-ல் விதி வந்தது. மெதுவாகப் போகும் கப்பல் பொதுவாக இரைச்சலும் குறைவாகவே எழுப்பும். கடலுக்கடியில் ஒலிவாங்கி வைத்து, திமிங்கிலக் குரல் கேட்டால் கப்பல்களை எச்சரிக்கும் முறையும் இருக்கிறது.

ஆனால் அந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. குட்டி ஈனும் தென்கிழக்குக் கரையோரத்தில் தாய்மார் கீழிருந்து மேலேறும் அந்த உரத்த அழைப்பை அரிதாகவே எழுப்புகின்றன என்று பார்க்ஸின் குழு 2019-ல் கண்டறிந்தது. குட்டியோடு அவை மெல்லிய, குறுகிய உறுமல்களில் பேசிக்கொள்கின்றன. வேட்டையாடும் விலங்குகளின் காதில் விழாமலிருப்பதற்காக இருக்கலாம். தூரத்து ஒலிவாங்கிக்கு அந்தப் பேச்சு எட்டாது. ஆகவே எந்தக் குரலும் கேட்காத நீரிலும் கப்பல் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.