கோலி சுண்டும்போது கை ஏன் நடுங்குகிறது?

பள்ளி விட்டதும் பாகூர் ஏரிக்கரைப் பக்கம் கோலி ஆடுகிறீர்கள். யாரும் இல்லாதபோது பத்துக்கு ஏழு கோலி குழியில் விழுகிறது. அந்த நேரம் பார்த்து வில்லியனூரிலிருந்து மாமா பையன் வந்து நிற்கிறான். “எங்கே, சுண்டு பார்ப்போம்!” என்கிறான். அவ்வளவுதான். உள்ளங்கை வியர்க்கிறது, விரல் நடுங்குகிறது, கோலி குழியைத் தாண்டி ஓடுகிறது.

அதே கோலி, அதே குழி, அதே விரல்தான். மாறியது என்ன?

உங்கள் உடம்புக்குள் நிறைய மாறிவிட்டது. ‘தோற்றால் கேலி செய்வானே’ என்று நினைத்த உடனேயே மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவு போகிறது. அது அட்ரினலினை இரத்தத்தில் விடுகிறது. இதயம் படபடக்கிறது. ஓடவும் சண்டை போடவும் உதவும் பெரிய தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. தோலுக்குப் போவது குறைவதால் விரல்கள் சில்லிடுகின்றன. நாய் துரத்தும்போது இது நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு. கோலி சுண்டும் நுணுக்கமான வேலைக்கோ இதுவே இடைஞ்சல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பலமுறை பழகிய செயலை நடத்துவதில் பின்தலையில் இருக்கும் சிறுமூளைக்குப் பெரிய பங்கு. சைக்கிள் ஓட்டும்போது எந்தக் காலை எப்போது அழுத்துவது என்று நீங்கள் யோசிப்பதில்லை அல்லவா? பயம் வந்தால் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை, ‘விரலை இப்படி வை, மணிக்கட்டை அப்படித் திருப்பு’ என்று குறுக்கே புகுகிறது. தானாக நடந்த வேலை தடுமாறுகிறது.

கோல்ஃப் வீரர்களுக்கும் இதே தொல்லைதான். கோல்ஃபும் ஒரு வகையில் கோலியின் பெரியண்ணன். பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம், குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தை நெடுந்தூரம் பறக்கவிடுபவர்கள்கூட, குழிக்குப் பக்கத்தில் வந்து மெல்லத் தட்ட வேண்டிய இடத்தில் சொதப்புவதுண்டு. அந்த மெல்லிய தட்டலுக்குப் ‘பட்டிங்’ என்று பெயர்.

பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார். அப்போது உலகத் தரவரிசையில் அவருக்கு 200ஆம் இடம். பந்தை அடிக்கும் தூரத்தில் மற்ற முன்னணி வீராங்கனைகளைவிடப் பின்தங்கியிருந்தார். பட்டிங்தான் அவருடைய பலம். அவருடைய பையைச் சுமந்து கூடவே நடந்தவர் அவருடைய அம்மா. நான்கு நாள் ஆட்டத்தின் முடிவில், ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பிடித்தார்.

பட்டிங்கில் சிலர் மட்டும் எப்படிச் சிறக்கிறார்கள்? கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ், ஆட்டக்காரர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார். தேர்ந்தவர்களின் பார்வை, தட்டுவதற்கு முன் பந்தின் மேல் இரண்டு நொடி போல அசையாமல் நின்றது. புதியவர்களின் பார்வை இங்கும் அங்கும் அலைந்தது. இந்த அசையாத பார்வைக்கு ‘அமைதிக் கண்’ என்று பெயர் வைத்தார்.

மூச்சுக்கும் இதில் வேலை உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கும். வெளியே விடும்போது மெதுவாகும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். அதனால்தான் பதற்றத்தில் மூச்சை நீளமாக, மெதுவாக வெளியே விடச் சொல்கிறார்கள்.

காலுக்கும் பாடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் விட்டுப்போன ‘பெத்தாங்க்’ ஆட்டத்தில், 650 முதல் 800 கிராம் வரை எடையுள்ள இரும்புக் குண்டை ஒரு சின்ன மரக்குண்டின் பக்கத்தில் போய் நிற்கும்படி வீச வேண்டும். ‘ஊன்றிய பாதம்’ என்ற பொருள் கொண்ட சொற்களிலிருந்து வந்த பெயர் அது. வட்டத்துக்குள் இரண்டு பாதங்களையும் ஊன்றிக்கொண்ட பிறகுதான் வீசலாம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நின்று, ஒரே மாதிரி தொடங்கினால் மனசு அலைபாய்வது குறையும்.

சரி, தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது? ‘நீ கெட்டிக்காரன்’ என்று பிறர் சொன்னால் கொஞ்சம் வரும். நம்மைப் போன்ற ஒருவர் ஜெயிப்பதைப் பார்த்தாலும் வரும். ஆனால், நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான் எல்லாவற்றையும்விட வலுவானது என்று ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதினார்.

பாகூரிலிருந்து தெற்கே போய்த் தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். அங்கே பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர் துப்பாக்கிச் சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன். அவருடைய போட்டியில் இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கும். அதன் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். 2019இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கே போக முடியவில்லை. அதோடு துப்பாக்கியைக் கீழே வைத்துவிடவில்லை. 2023இல் அதே ரியோவில் மறுபடியும் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார்.

இப்போது நீங்கள் ஒரு சோதனை செய்யலாம். ஐந்தடி தள்ளிக் குழி போடுங்கள். வழக்கம்போல் 10 கோலி சுண்டுங்கள். எத்தனை விழுந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். நண்பர்களைச் சுற்றி நிற்க வைத்து இன்னொரு 10. பிறகு அவர்கள் நிற்கும்போதே, காலை ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, குழியின் விளிம்பில் ஒரே புள்ளியை இரண்டு நொடி பார்த்தபின் இன்னொரு 10.

ஒரு எச்சரிக்கை. மூன்றாவது முறை அதிகம் விழுந்தால், அது அதுவரை பழகியதாலும் இருக்கலாம். ஆகவே மறுநாள் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அந்த நோட்டில் தேதி வாரியாக எண்கள் சேரும். அடுத்த முறை மாமா பையன் வந்து இடுப்பில் கை வைத்து நின்றால் விரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். நடுங்கட்டும். நோட்டில் உள்ளதை நினைத்துக்கொண்டு சுண்டுங்கள்!