பழைய இரும்பு, ஆசிட், ஒரு போர் பலூன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றால் பழைய இரும்பு லாரியும் ஆசிட் டேங்கரும் அடுத்தடுத்துப் போவதைப் பார்க்கலாம். போன வாரம் டீ குடிச்சிட்டு நின்னப்போ தோணிச்சு: இந்த ரெண்டும் கையில் இருந்தா, 160 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராணுவ பலூனையே மேலே ஏத்தியிருக்கலாம்!

இரும்புத் தூளில் கந்தக அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் வரும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தாடியஸ் லோ, இந்த வேலைக்கென்றே மரத்தொட்டி வண்டிகளைச் செய்து போர்க்களத்துக்கு இழுத்துப் போனார். கயிற்றில் கட்டிய பலூனிலிருந்து எதிரியைப் பார்த்துத் தந்தியில் சேதி சொன்னார்கள்.

அவருக்கு முன்னோடி பிரான்ஸ். 1794 ஜூன் 26, ஃப்ளூரஸ் போரில் பலூன் உளவு பார்த்தது. ஆனா அங்கே அமிலம் கிடையாது. கந்தகம் வெடிமருந்துக்கே தேவைப்பட்டது. அதனால் பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் நீராவியைச் செலுத்தி வாயு எடுத்தார்கள். உலை கட்டி, விறகு எரித்து... லேசுப்பட்ட வேலையா?

ஆக, போர் பலூனின் உண்மையான பிரச்சினை பறப்பது இல்லை. வாயு சப்ளைதான்.

பிரிட்டிஷ்காரர்கள் ஹைட்ரஜனை எஃகுக் குழாய்களில் அடைத்துக் கொண்டுபோகும் வழியைப் பிடித்தார்கள். 1899 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் ஊரை போயர்கள் முற்றுகையிட்டபோது உள்ளே ஒரு பலூன் பிரிவு மாட்டிக்கொண்டது. முற்றுகை நீடித்தது 118 நாள். வாயு ஒரு மாசத்துக்குள் தீர்ந்துபோச்சு. வெளியிலிருந்து குழாய் வர வழியில்லை. பலூனை மடித்து வைத்துவிட்டார்கள்.

அதே ஊரில் இன்னொரு 'உயரமான கண்' இருந்தது. காந்தி 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்' நூலில் எழுதுகிறார்: பர்பு சிங் என்ற இந்திய ஒப்பந்தக் கூலி மரத்தின் மேல் உட்கார்ந்து, எதிரே மலையில் இருந்த போயர் பீரங்கியையே பார்த்துக்கொண்டிருப்பார். தீ மின்னியதும் மணி அடிப்பார். குண்டு வந்து விழுவதற்குள் ஜனங்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒரு தடவைகூட அவர் மணி அடிக்கத் தவறியதில்லையாம். விஷயம் தெரிந்து வைஸ்ராய் தரப்பிலிருந்து காஷ்மீர் அங்கி ஒன்றை அனுப்பிவைத்தார்கள்.

அந்த நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் 'ட்ரூரோ', 1860-ல் கிளம்பியது நம்ம மெட்ராஸிலிருந்துதான். பலூன் வரலாற்றைத் தேடும்போது லோ பெயர் உடனே கிடைக்கும். பர்பு சிங்கையும் பக்கத்தில் எழுதி வைக்கணும்னு தோணிச்சு.