கடல் மூடும் சாலை

சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை அணுகியதும் உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தொலைவு விரிகின்றன. பாத்திகளில் தேக்கிய உவர்நீர் வெயிலாலும் காற்றாலும் வற்றி உப்பாகப் படிகின்றது. உப்பு விளையும் வெளியில் மரநிழல் ஆகாது. ஆதலின் அங்கே காற்றைத் தடுப்பாரும் இல்லை. கோடைப் பிற்பகலில் அவ்வழியே மிதிவண்டியில் செல்வோர் இதனை நன்கறிவர். சாலை வடக்குத் தெற்காகச் செல்லும்; கடற்காற்றோ கிழக்கிலிருந்து குறுக்கே வீசும்.

இதுபோன்றே உப்பளங்கள் நிறைந்தது பிரான்சு நாட்டின் மேலைக் கடற்கரையிலுள்ள நுவார்மூத்தியே தீவு. 1999ஆம் ஆண்டு, உலகப் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயம் ஒன்றின் முடிவை அத்தீவின் சாலை பெரிதும் மாற்றிவிட்டது.

அப்பந்தயத்தின் பெயர் டூர் தெ பிரான்ஸ். 1903இல் தொடங்கிய அது மூன்று வாரம் நடைபெறுவது. நாளொன்றுக்கு ஒரு கட்டமாக வீரர்கள் ஊர்விட்டு ஊர் செல்வர். ஒவ்வொரு கட்டத்திலும் அவரவர் எடுத்துக்கொண்ட நேரம் கூட்டப்பெறும். மொத்த நேரம் எவருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். ஆகவே, ஒருநாள் இழந்த நிமிடங்கள் இறுதிவரை கணக்கில் நிற்கும்.

வேகம் மிக மிக, ஓட்டுபவர் தம் ஆற்றலில் பெரும்பங்கைக் காற்றைப் பிளப்பதற்கே செலவிடுகிறார். முன்செல்பவரை ஒட்டிப் பின்செல்பவருக்கு அந்த உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். வீரர்கள் கூட்டமாகச் செல்வதன் காரணம் இதுவே. காற்று குறுக்கே வீசினால் நேர்ப்பின்னால் செல்வதால் பயனில்லை. அப்போது, கழுவெளி ஏரிப் பறவைகள் வானில் சாய்வரிசையாகப் பறப்பதுபோல, ஒருவர்க்கொருவர் சற்றே விலகிச் சாய்வாக அணிவகுப்பர். ஆனால் வானத்திற்கு அகலக் குறைவில்லை, சாலைக்கு உண்டு. வரிசையில் இடம் பெறாதவர் சாலையோரத்தில் தனித்துக் காற்றோடு போராடிக் களைத்துப் பின்தங்குவர். இதனால் குறுகிய கடற்கரைச் சாலை வருகிறதென்றால் எல்லாரும் முன்னணிக்கு முந்துவர்.

நுவார்மூத்தியே தீவைப் பெருநிலத்துடன் இணைக்கும் பழைய வழிக்குக் குவா என்று பெயர். நீளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். நாள்தோறும் இருமுறை ஓதம் பெருகி அதனை மூடிவிடும். வற்றிய வேளையில் மட்டுமே கடக்கலாம். நீர் வடிந்த பின்னும் பாசியும் ஈரமும் எஞ்சும். 1971இல் பாலம் அமைந்த பின்னும் இவ்வழி கைவிடப்படவில்லை.

1999 சூலை 5ஆம் நாள், சலானிலிருந்து சான் நசேர் வரையான இரண்டாம் கட்டம் இதன்மேல் சென்றது. வழுக்கலில் சிலர் சறுக்கினர். பின்வந்தோர் அவர்கள்மேல் விழுந்தனர். ஒதுங்க இடம் ஏது? வழி அடைபட்டது. முன்னே தப்பியோர் விரைந்தனர். பின்னே அகப்பட்டோர் எழுந்து ஒன்றுகூடித் துரத்தியும் எட்ட முடியவில்லை. அன்றைய கட்டத்தை வென்றவர் பெல்ஜிய வீரர் டாம் ஸ்டீல்ஸ். பட்டம் வெல்லக் கூடியவராகக் கருதப்பட்ட சுவிட்சர்லாந்து வீரர் அலெக்ஸ் சுல்லே ஆறு நிமிடத்திற்குச் சற்று மேல் இழந்தார்.

மூன்று வாரம் கழித்துப் பாரிசில் அவர் இரண்டாமிடம் பெற்றார். முதல்வரான லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கிற்கும் அவருக்கும் இடையே 7 நிமிடம் 37 நொடி வேறுபாடு. அதில் பெரும்பகுதி அந்த ஒரே நாளில் போனது! ஊக்க மருந்து உட்கொண்ட குற்றத்திற்காக ஆம்ஸ்ட்ராங்கின் பட்டம் 2012இல் பறிக்கப்பட்டது. எனினும் அது வேறெவருக்கும் அளிக்கப்படவில்லை; சுல்லேயின் இடம் இரண்டாவதாகவே நிற்கிறது.

2011இல் அப்பந்தயம் மீண்டும் குவாவிற்கு வந்தது. அம்முறை வீரர்கள் அதனைப் போட்டியின்றி மெல்லக் கடந்தனர். பெருநிலத்தை அடைந்த பிறகே பந்தயம் தொடங்கியது.