பிள்ளைக்கு படிப்பில் கவனம் நிக்கலையா? மனநல டாக்டரிடம் என்ன சொல்லணும், மாத்திரை பற்றி என்ன கேக்கணும்?

கொல்லிமலை, பைல் நாடு:

பாடத்தில் அஞ்சு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறான். சொன்னதை அடுத்த நிமிஷமே மறந்துடுறான். பேனா, நோட்டு, செருப்பு என்று வாரத்துக்கு ஒன்றைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறான். இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் முதலில் விழுவது அடி. அடுத்தது மந்திரிச்சு தாயத்து. டாக்டர் நினைப்பு அதற்கும் அப்புறம்தான் வருகிறது.

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று பைல் நாடு. மிளகு, காபி, மரவள்ளி என்று பாடுபடும் ஜனங்கள். பிள்ளையை மனநல டாக்டரிடம் காட்டணும் என்றால் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போய் வரணும். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. அங்கே வரிசையில் நின்று உள்ளே போனால் டாக்டர் முன்னால் கிடைப்பது சில நிமிடம்தான். அந்த சில நிமிடத்தில் "பையன் சரியா படிக்கலை சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் போன காசு வீண்.

என்ன நோய் இது?

ஏ.டி.ஹெச்.டி. என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். கவனக் குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு. உலக அளவில் 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு இருக்கிறது. எல்லோரும் ஓடியாடிக்கொண்டு இருப்பார்கள் என்றும் இல்லை. சில பிள்ளைகள், முக்கியமாக பெண் பிள்ளைகள், சத்தமே இல்லாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். அதுகளை யாருமே கவனிப்பதில்லை.

2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படத்தைப் பார்த்துவிட்டு இதுவும் அதுவும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. படத்தில் வரும் பையனுக்கு இருப்பது எழுத்துக்களை வாசிப்பதில் உள்ள கோளாறு. அது வேறு, இது வேறு. இரண்டும் ஒரே பிள்ளைக்கு சேர்ந்து வரவும் செய்யும்.

ரத்தம் எடுத்தோ, ஸ்கேன் எடுத்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. முழுக்க முழுக்க விசாரணைதான். அதனால்தான் நாம் என்ன சொல்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம். டாக்டர் பார்ப்பது இவற்றைத்தான்: தொந்தரவு 12 வயசுக்கு முன்பே தொடங்கியதா, 6 மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா, வீட்டில் மட்டுமா, பள்ளியில் மட்டுமா, இரண்டு இடத்திலுமா? ஒரே ஒரு வாத்தியார் வகுப்பில் மட்டும் பையன் அடங்கவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

இங்கேதான் மலைவாசிகளுக்கு ஒரு சிக்கல். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை அப்பா, அம்மா பார்ப்பதே லீவு நாளில்தான். "வகுப்பில் எப்படி இருக்கான்?" என்று டாக்டர் கேட்டால் முழிக்க வேண்டியதுதான். அதனால் கிளம்பும் முன் வகுப்பு ஆசிரியரிடமும் விடுதி வார்டனிடமும் ஒரு தாளில் நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளணும். பழைய மார்க் கார்டு, நோட்டுப் புத்தகம் ஒன்று, பிள்ளை ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம் பையில் இருக்கட்டும்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு. குடும்பத்தில் சின்ன வயசிலேயே மாரடைப்பில் யாராவது திடீரென இறந்திருக்கிறார்களா, பிள்ளைக்கு வலிப்பு, இதயக் கோளாறு, ஓடும்போது மயக்கம் உண்டா என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். எந்த மாத்திரை கொடுப்பது என்பதே இதைப் பொறுத்து மாறும்.

கண் பார்வை, காது, ரத்த சோகை, தைராய்டு இவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கும் கவனம் நிற்காது. சில வினாடி அப்படியே வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாமல் இருந்துவிட்டு மறுபடி சாதாரணமாகும் பிள்ளைக்கு இருப்பது ஒருவகை வலிப்பாகக் கூட இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

மாத்திரை தூங்க வைக்குமா?

"பைத்தியத்துக்கு கொடுக்கிற மாத்திரை, பிள்ளை மந்தமாயிடும்" என்ற பயம்தான் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புகிறது. இந்த நோய்க்கு முதலில் நினைக்கப்படும் மீத்தைல்ஃபெனிடேட் என்ற மருந்து தூங்க வைக்கும் மருந்தே இல்லை. மூளையைத் தட்டி எழுப்பும் மருந்து. மூளையில் கவனத்தைப் பிடித்து வைக்கும் டோபமைன், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்கள் நின்று வேலை செய்ய உதவுகிறது. 1944-ல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டது. 10 பிள்ளைகளில் 7 பேர் வரை இதில் பலன் கிடைக்கிறது.

சாதா மாத்திரை 3, 4 மணி நேரம்தான் நிற்கும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகையும் உண்டு. பசி குறைவது, தூக்கம் கெடுவது, வயிற்று வலி, தலைவலி, நாடித்துடிப்பு கூடுவது ஆகியவை பக்க விளைவுகள். சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி தூங்காது. ஏற்கெனவே மெலிந்த பிள்ளை என்றால் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளணும். உயரம், எடை, ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்து வருவார்கள்.

ஆனால் இந்த மாத்திரை எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. சட்டப்படி 'எக்ஸ்' அட்டவணையில் உள்ள மருந்து. இதை விற்க கடைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். டாக்டர் சீட்டை இரண்டு பிரதியாகத் தரணும். ஒன்றை கடைக்காரர் 2 வருஷம் பத்திரமாக வைத்திருக்கணும். 2020-ல் வந்த தொலைமருத்துவ விதிப்படி போனில், வீடியோவில் பார்த்து இதை எழுதித் தரவும் முடியாது. ஆகவே மலை ஏறும் முன்பே "இது எந்தக் கடையில் கிடைக்கும், எத்தனை நாளைக்கு தருவீங்க?" என்று கேட்காமல் வரக் கூடாது. செம்மேட்டுக்கு வந்து தேடினால் இன்னொரு நாள் கூலி போகும்.

இது ஒத்துவராவிட்டால் அடோமாக்செட்டின் இருக்கிறது. இதற்கு 'எக்ஸ்' கெடுபிடி கிடையாது. ஆனால் முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஒரு வாரத்தில் "ஒண்ணும் ஆகலை" என்று தூக்கிப் போடுவது இதில்தான் அதிகம் நடக்கும். பிள்ளை திடீரென சோர்ந்து போனாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, கண் மஞ்சளானாலோ உடனே டாக்டரிடம் சொல்லணும். குளோனிடின் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது தூக்கம் வர வைக்கும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். டாக்டர் சொல்லாமல் சட்டென்று நிறுத்தவே கூடாது.

6 வயசுக்கு கீழே உள்ள பிள்ளைக்கு முதல் வைத்தியம் மாத்திரை இல்லை. பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான். பெரிய பிள்ளைக்கும் மாத்திரையோடு சேர்த்து முன் பெஞ்சில் உட்கார வைப்பது, வேலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பது எல்லாம் வேண்டும். "மாத்திரை இல்லாமல் முதலில் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். மருந்தின் பலன், பக்க விளைவு, வேறு வழி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வது 2017 மனநல பராமரிப்பு சட்டம் கொடுத்த உரிமை.

எங்கே போவது?

பள்ளிக்கு பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடம் முதலில் சொல்லலாம். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளில் இதுவும் ஒன்று. மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் செம்மேடு அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் நாள் உண்டா என்று அங்கேயே கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அல்லது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கிளம்பும் முன் சந்தேகம் கேட்க 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

டாக்டர் பிள்ளையின் தொந்தரவுகளை ஒவ்வொன்றாகக் கேட்கும்போது "எனக்கும் சின்ன வயசில் இப்படித்தான்" என்று அப்பாவுக்குத் தோன்றினால் அதையும் சொல்லிவிடலாம். இது வம்சத்தில் வரக்கூடியது, பெரியவர்களுக்கும் மருந்து உண்டு. குடிப்பழக்கம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லணும்.

விடுதிப் பிள்ளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதை யார் கையில் கொடுப்பது, காலையில் யார் எடுத்துத் தருவார் என்பதை வார்டனிடம் பேசி முடித்துவிட்டுத்தான் வீடு திரும்பணும். பிள்ளையின் டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு வரக் கூடாது. தினசரி மாத்திரை கொடுக்கும் அதே ஆளிடம் பசி, தூக்கம், பாடம் எப்படி என்று வாரம் ஒரு வரி எழுதி வைக்கச் சொன்னால், அடுத்த முறை டாக்டர் டோஸை கூட்டுவதா, குறைப்பதா என்று முடிவு செய்ய அந்தத் தாள் போதும்.