தாத்தா தில்லியில், பாட்டி புனேயில்

ஓய்வு பெற்ற பிறகாவது சேர்ந்திருக்கலாம் என்று நினைத்த தம்பதிகளைப் பேரக்குழந்தைகள் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

தில்லி ராமகிருஷ்ணபுரம் போன்ற அரசுக் குடியிருப்புகளில் வருடம் முழுவதும் நடக்கும் காட்சி இது. 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள். ஆபீஸில் மாலை, சால்வை, சமோசா. பரிசாக அநேகமாக ஒரு சுவர்க் கடிகாரம். இனிமேல் மணி பார்க்கத் தேவையில்லாதவருக்கு எதற்காகக் கடிகாரம் கொடுக்கிறார்கள் என்பது இன்று வரை புரியாத மர்மம்.

ஃபைல், பஸ் என்று ஓடிய கணவரும், சமையல், பிள்ளைகளின் படிப்பு என்று ஓடிய மனைவியும் நிதானமாக உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்று நினைக்கும்போது புனேயிலிருந்து போன் வருகிறது. மகளுக்குப் பிரசவ விடுப்பு முடியப் போகிறது. அம்மா வந்தால் நன்றாக இருக்கும். 2017-ல் சட்டத்தைத் திருத்தி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு தந்தார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆனால் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட எத்தனை வீடுகளில் மனசு வருகிறது? காப்பகம் என்றால் பாட்டிதான்.

பாட்டி கிளம்புகிறார். தாத்தாவுக்கு பென்ஷன் பேப்பர், குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் வேலை. அது முடிந்ததும் துவாரகாவில் மகன் வீடு. அங்கேயும் ஒரு பேரன். பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும். ஆறு மாதம் என்று ஆரம்பித்த பிரிவு இரண்டு வருடமாகிறது.

2003-ல் வந்த ‘பாக்பான்’ ஹிந்திப் படம் பலருக்கு நினைவிருக்கும். அமிதாப் பச்சனையும் ஹேமமாலினியையும் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகள் மோசமானவர்கள். நிஜத்தில் யாருமே மோசமானவர்கள் இல்லை என்பதுதான் சிக்கல். மகள் பாசமானவள், மருமகன் தங்கமானவர். பேரன் முதன்முதலாக ‘பாத்தி’ என்று கூப்பிட்டதைக் கேட்டவருக்கு மூட்டுவலி பெரிதாகத் தெரிவதில்லை. எதைச் சொல்லி மறுப்பது? தாத்தாவோ பகல் ஒரு மணிக்கு சாப்பாட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறார். மாலையில் பார்க் பெஞ்சில் வங்காளி, பஞ்சாபி, மலையாளி நண்பர்கள். அவர்களில் பாதிப் பேரின் மனைவிமார்களும் வெளியூரில்.

போய்ப் பார்த்து வரலாம்தான். நிஜாமுதீனிலிருந்து புனேக்கு கோவா எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கு மேலாகிறது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த ரயில் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அரசு கருணை காட்டியது. நவம்பரில் தர வேண்டிய வாழ்நாள் சான்றிதழை 2014 முதல் டிஜிட்டல் முறையிலும் தரலாம். உயிரோடு இருப்பதை எந்த ஊரிலிருந்தும் நிரூபிக்கலாம். ஒரே ஊரில் இருக்கத்தான் வழியில்லை.

இன்னொரு தப்பும் நடக்கிறது. கைக்கு வந்த கிராஜுவிட்டியைப் பிள்ளைகளின் ஃபிளாட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு தனியாக ஒரு அறை வாடகைக்கு எடுக்கக்கூட யோசனை. 2007-ல் வந்த மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. பாசமான மகனிடம் யார் நிபந்தனை எழுதி வாங்குவார்கள்?

புனேயில் ஒரு தம்பதி வேறு மாதிரி முடிவெடுத்தார்கள். போனால் இருவரும்தான், கையிலிருக்கும் பணம் கையிலேயே. மகளின் குடியிருப்பிலேயே, ரசம் ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்கும் தூரத்தில், ஒற்றைப் படுக்கையறை வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பேரன். அதன் பிறகு அவர்கள் காபி, அவர்கள் டிவி, அவர்கள் சண்டை.

பெற்றோருக்கு வீட்டில் இடமில்லையா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்களே என மகளுக்கு முதலில் கோபம். ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் அங்கேதான் சாப்பிட வருகிறார்கள், முன்கூட்டியே போன் செய்துவிட்டு.